இருபது மணி நேரம் கழித்துத்தான் ஆட்டம் ஆரம்பமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் ஒரு முறையாவது கேம்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பது வழக்கம். முதலில் சீட்டுக்கட்டு ஆட்டம். பிறகு கார் ரேஸ். அதுவும் அலுத்துப்போனால், "இதெல்லாம் ஒரு கேமா? ஜப்பானில் செய்த ரோல் பிளேயிங் கேம் ஒன்று விளையாடிப் பார், அப்புறம் சொல்" என்று நண்பர் ஒருவர் நிச்சயம் வருவார். அப்படி அவர் சொல்லும் பெயர்களில் பெரும்பாலும் முதலில் வருவது ‘ஃபைனல் ஃபேன்டஸி’.

இந்த வரிசையின் 13-வது விளையாட்டான ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’ பற்றித்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன். 2009 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளிவந்தது. 2010 மார்ச்சில் அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு வந்தது. 2014 அக்டோபரில் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. இன்றும் இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது, தள்ளுபடி நாட்களில் மலிவாகவும் கிடைக்கிறது. பழைய விளையாட்டு என்பதால் புதிய கம்ப்யூட்டர்களிலும் ஓடும் என்று பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அதனால்தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதில் வந்து விழுவது அதிகம்.

எனக்கு இந்த விளையாட்டு பெரிய ஏமாற்றம். ஏன் ஏமாற்றம் என்று சொன்னால், கேம் விளையாடாதவர்களுக்கும் அது பயன்படும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் குறை ஒரு கேமோடு நிற்பதில்லை. நீங்கள் கம்ப்யூட்டரில் போடப் போகும் எந்த சாஃப்ட்வேருக்கும் பொருந்தும்.

ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன?

கதையில் வரும் ஒரு பாத்திரத்தை நீங்கள் ஏற்று நடத்துவதுதான் ரோல் பிளேயிங் கேம். சுருக்கமாக ஆர்.பி.ஜி. என்பார்கள். 1974-ல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டுதான் இதற்குத் தாய். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு விளையாடுவது. "நீ இப்போது ஒரு குகை வாசலில் நிற்கிறாய், என்ன செய்வாய்?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்விதான் ஆர்.பி.ஜி.யின் உயிர்.

1981-ல் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்ற இரண்டு விளையாட்டுகள் இதைக் கம்ப்யூட்டரில் பிரபலமாக்கின. அவற்றைப் பார்த்து மயங்கிய ஜப்பானியர்களில் ஒருவர் யூஜி ஹோரி. டி.வி.யோடு இணைத்து விளையாடும் ஃபேமிகாம் என்ற பெட்டி அப்போது ஜப்பானிய வீடுகளில் பரவியிருந்தது. சிறுவர்களும் விளையாடும்படி எளிமையாக்கி, 1986 மே மாதம் அந்தப் பெட்டிக்கு அவர் கொடுத்ததுதான் ‘டிராகன் குவெஸ்ட்’. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹிரொனொபு சகாகுச்சியின் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வந்தது. 1997-ல் வந்த அதன் ஏழாவது பாகம்தான் ஜப்பானிய ஆர்.பி.ஜி.யை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1998-ல் அது கம்ப்யூட்டருக்கும் வந்தது.

நான் கல்லூரியில் படிக்கும்போது விடுதி அறையில் அந்த ஏழாவது பாகத்தை விளையாடியிருக்கிறேன். படங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பாத்திரங்களின் கை கால்கள் மரத்துண்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு ஊருக்குள் நுழைந்தால் கடைக்காரரிடம் பேசலாம், அடுத்த வீட்டு அலமாரியைத் திறக்கலாம், தெருவில் நிற்கும் குழந்தையிடம் ஊர்க் கதை கேட்கலாம். அந்த ருசிக்காகத்தான் 13-வது பாகத்தையும் விலை கொடுத்து வாங்கினேன்.

எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படங்கள் அருமை. 2009-ல் செய்தது என்று சொன்னால் நம்ப முடியாது. மசாஷி ஹமௌசுவின் இசை இன்னும் என் செல்போனில் இருக்கிறது. சாஸ் என்ற நடுத்தர வயது விமானி ஒருவர் வருகிறார். அவருடைய சுருட்டை முடிக்குள் ஒரு கோழிக்குஞ்சு மாதிரியான பறவைக்குஞ்சு குடியிருக்கிறது. மகனுக்காக அந்த மனிதர் படும் பாடு மனதில் நிற்கும்.

இனி குறைக்கு வருவோம். விளையாட்டில் மொத்தம் 13 அத்தியாயங்கள். முதல் இரண்டு அத்தியாயங்களில் எத்தனை சண்டை போட்டு வென்றாலும் உங்கள் பாத்திரம் வளராது. மூன்றாவது அத்தியாயத்தில்தான் வளர்ச்சிக்கான வசதியைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அடுத்த அத்தியாயம் வரும்வரை அதைத் தாண்ட முடியாது. உங்கள் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதைக்கூடப் பல அத்தியாயங்கள் வரை விளையாட்டே முடிவு செய்துவிடுகிறது.

பாதை? ஒரே பாதை. முன்னால் நடக்க வேண்டும், சண்டை போட வேண்டும், படம் பார்க்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். நுழைந்து சுற்ற ஊர் இல்லை. கடைக்காரர் இல்லை. விளையாட்டைச் சேமித்து வைக்கும் இடத்திலேயே ஒரு மெனு வரும், அதில் ஆயுதம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சில இடங்களில் மக்கள் நிற்பார்கள், பக்கத்தில் போனால் ஏதோ ஒரு வரி சொல்வார்கள், அவ்வளவுதான். "என்ன செய்வாய்?" என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை.

கதை புரிந்தாலாவது பரவாயில்லை. ஃபல்சீ, லுசீ, சீத் என்று மூன்று சொற்கள். ஃபல்சீ என்பது தெய்வம் போன்ற ஒரு சக்தி. அது முத்திரை குத்திய மனிதன் லுசீ. கொடுத்த வேலையை முடித்தால் அவன் பளிங்காகிவிடுவான், முடிக்காவிட்டால் சீத் என்ற பூதமாகிவிடுவான். பாருங்கள், மூன்று வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் விளையாட்டில் பாத்திரங்கள் இந்தச் சொற்களை முதலிலிருந்தே சரளமாகப் பேசிக்கொண்டு போவார்கள். விளக்கம் வேண்டும் என்றால் நீங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு, மெனுவுக்குள் போய், ‘டேட்டாலாக்’ என்ற பகுதியைத் திறந்து படித்துக்கொள்ள வேண்டும். சினிமா தியேட்டரில் படத்தை நிறுத்தி, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "இதைப் படித்துவிட்டு மேலே பாருங்கள்" என்றால் எப்படி இருக்கும்?

இப்படியே ஏறத்தாழ 20 மணி நேரம் போகிறது. 11-வது அத்தியாயத்தில்தான் ‘கிரான் பல்ஸ்’ என்ற பரந்த நிலப்பகுதி வருகிறது. எந்தப் பக்கமும் போகலாம், வேண்டிய சண்டையைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் புகழ்ந்து சொல்லும் இடம் இதுதான்.

நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். புல்வெளியில் மலை மாதிரியான மிருகங்கள் நடந்து போவதைப் பார்த்து வியந்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன். 64 வேட்டைப் பணிகள் இருக்கின்றன. அத்தனையும் "இந்த மிருகத்தைத் தேடிப் போய் வீழ்த்து" என்பதுதான். பேச ஆள் இல்லை. கதைப்படி அங்கே மனிதர்களே மிச்சமில்லை. ஒரு கிராமம் வருகிறது, அதுவும் காலி. 20 மணி நேரம் காத்திருந்து சுதந்திரம் கிடைத்தது, ஆனால் அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு செய்வதற்கு வேட்டையைத் தவிர வேறு இல்லை. 26-வது மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

நல்ல வசதியை ஒளித்து வைத்தால்?

இந்த விளையாட்டின் சண்டை முறையில் உண்மையிலேயே ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

உங்கள் குழுவில் மூன்று பேர். நீங்கள் ஒருவரை மட்டும் இயக்குகிறீர்கள். மற்ற இருவரும் தங்களுக்குக் கொடுத்த பொறுப்புப்படி தாங்களே சண்டை போடுவார்கள். அடிப்பவர், மந்திரம் வீசுபவர், தாங்குபவர், குணப்படுத்துபவர், நம் பலத்தைக் கூட்டுபவர், எதிரியின் பலத்தைக் குறைப்பவர் என்று ஆறு பொறுப்புகள். சண்டை நடக்கும்போதே ஒரு பட்டனில் மூவருடைய பொறுப்பையும் மாற்றலாம்.

எதிரியின் மேல் ஒரு அளவுகோல் தெரியும். மந்திரம் வீசுபவர் அதை வேகமாக ஏற்றுவார், ஆனால் அது உடனே இறங்கிவிடும். அடிப்பவர் சேர்ந்து அடித்தால் இறங்கும் வேகம் குறையும். ஆக, இருவரும் வேண்டும். அளவுகோல் நிரம்பினால் எதிரி நிலைகுலைவான், அப்போது அடிக்கும் அடி பல மடங்காக விழும். எப்போது அடிப்பது, எப்போது பின்வாங்கி மருந்து போடுவது என்று நொடிக்கு நொடி யோசிக்க வேண்டும். இது ஒரு கிரிக்கெட் கேப்டன் பீல்டிங்கை மாற்றுவது மாதிரி. புரிந்துவிட்டால் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த முறையை முழுதாக உங்கள் கையில் தருவதற்கு எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்? மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேரோடு பல மணி நேரம் நடக்க வைக்கிறார்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கான திட்டத்தைப் போட முடியாது. எனவே அந்த நேரம் முழுவதும் தானாகச் சண்டை போடும் ‘ஆட்டோ பேட்டில்’ வசதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கட்டை விரல் மட்டும் வேலை செய்கிறது, மூளைக்கு வேலை இல்லை.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். புதிதாக ஒருவர் எங்கள் புரோகிராமைத் திறக்கும்போது எல்லா மெனுவையும் ஒரேயடியாகக் காட்டக்கூடாது, முதலில் தேவையானதை மட்டும் காட்டி, பிறகு மற்றதைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இந்த விளையாட்டைச் செய்தவர்களும் அந்த எண்ணத்தில்தான் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தில் குறையில்லை. ஆனால் சொல்லிக் கொடுப்பது வேறு, கொடுக்காமல் வைத்திருப்பது வேறு. நீச்சல் சொல்லித் தருபவர் முதல் நாள் ஆழம் இல்லாத பக்கத்தில் இறக்குவார். இருபது நாள் கரையிலேயே கை கால் ஆட்டச் சொன்னால் அது பயிற்சி ஆகாது.

64 கே.பி.யில் முடிந்த பாடம்

"பெரிய விளையாட்டு, அதனால் சொல்லிக் கொடுக்க நேரம் பிடிக்கும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதற்குப் பதில் ஜப்பானிலேயே இருக்கிறது.

1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஜப்பானியச் சிறுவர்கள் பலருக்கு ஆர்.பி.ஜி. என்றால் என்னவென்றே தெரியாது. ஹோரி என்ன செய்தார்? விளையாட்டை அரசருடைய அறைக்குள் ஆரம்பித்தார். அறைக் கதவு பூட்டியிருக்கும். வெளியே போக வேண்டும் என்றால் அங்கே நிற்பவர்களிடம் பேச வேண்டும், பெட்டிகளைத் திறக்க வேண்டும், சாவியை எடுத்துக் கதவைத் திறக்க வேண்டும், படியில் இறங்க வேண்டும். இதைச் செய்து முடித்து வெளியே வரும்போது விளையாட்டின் முக்கியமான கட்டளைகள் எல்லாம் உங்களுக்குப் பழகியிருக்கும். சில நிமிடங்கள்தான். அதன் பிறகு உலகம் உங்களுடையது.

அந்த விளையாட்டின் மொத்த அளவு 64 கே.பி. ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’ கம்ப்யூட்டரில் கேட்கும் இடம் 60 ஜி.பி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் மடங்கு இடத்தை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை ஒரே ஒரு அறையை வைத்து ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

அதே ஹோரியும் சகாகுச்சியும், ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா தொரியாமாவும் சேர்ந்து 1995-ல் ‘குரோனோ டிரிகர்’ என்ற விளையாட்டைக் கொடுத்தார்கள். அது ஒரு ஊர்த் திருவிழாவில் ஆரம்பிக்கிறது. எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். ஒரு மேஜையில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடலாம். பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கும் சிறுமிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். எந்த அறிவுரையும் திரையில் வராது. சற்று நேரம் கழித்து உங்களைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். திருவிழாவில் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் அங்கே சாட்சியாக வரும்! நீங்கள் செய்வதற்கு இந்த உலகத்தில் விளைவு உண்டு என்ற பாடம் அங்கேயே மனதில் பதிந்துவிடும்.

இந்த விளையாட்டின் முழுக் கதையும் 20 முதல் 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதாவது ஒன்று கதவைத் திறக்கும் நேரத்தில் இன்னொன்று முழுக் கதையையும் சொல்லி முடித்து வணக்கம் போட்டுவிடுகிறது.

ஏன் இப்படி ஆனது?

இந்த விளையாட்டைச் செய்தவர்கள் திறமை இல்லாதவர்கள் கிடையாது. தயாரிப்பாளர் யோஷினொரி கிடாசே ஏழாவது பாகத்தை இயக்கியவர். இயக்குநர் மொடொமு தொரியாமாவும் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். பிறகு ஏன்?

விளையாட்டு முதலில் பிளேஸ்டேஷன் 2-க்காகத் தொடங்கி, பிறகு பிளேஸ்டேஷன் 3-க்கு மாற்றப்பட்டது. புதிய பெட்டிக்காக ‘கிரிஸ்டல் டூல்ஸ்’ என்ற புதிய என்ஜினையும் கூடவே உருவாக்கினார்கள். என்ஜின் என்றால் படம் காட்டுவது, அசைவு, ஒலி போன்ற அடிப்படை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். வீடு கட்டும்போதே செங்கல் சூளையும் போடுவது மாதிரி. 2006 மே மாதம் உலகத்துக்கு அறிவித்தார்கள், வெளிவந்தது 2009 டிசம்பரில்.

2010-ல் அமெரிக்காவின் ‘கேம் டெவலப்பர்’ இதழில் இந்தத் தயாரிப்பைப் பற்றி அவர்களே எழுதினார்கள். விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று குழுவினருக்குள் பொதுவான தெளிவு நெடுநாள் வரவில்லை என்றும், முன்னோட்டத்துக்காக ஒரு டெமோ செய்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரே படம் கண்ணில் தெரிந்தது என்றும் அதில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த டெமோ ஜப்பானில் வெளிவந்தது 2009 ஏப்ரலில். விளையாட்டு கடைக்கு வருவதற்கு எட்டு மாதம் முன்பு!

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தனித்தனி குழுக்கள் தனித்தனியாக அழகான பாகங்களைச் செய்துகொண்டே இருப்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோர்க்க வேண்டி வரும். கயிறு என்றால் நேர்கோடுதானே! வெளியிலிருந்து பார்த்தால் இந்த விளையாட்டின் ஒற்றைப் பாதை எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இவர்கள் விமர்சனத்தைக் காதில் வாங்காதவர்களும் இல்லை. 2011 டிசம்பரில் வந்த ‘13-2’ என்ற அடுத்த பாகத்தில் இடத்தையும் காலத்தையும் விளையாடுபவரே தேர்ந்தெடுக்கும்படி மாற்றினார்கள். பேச மனிதர்களும் வந்தார்கள். கம்ப்யூட்டர் பதிப்பிலும் அப்படியே. 2014 அக்டோபரில் வந்தபோது 1280க்கு 720 என்ற ஒரே திரை அளவில்தான் ஓடியது. சில நாட்களிலேயே ரசிகர் ஒருவர் சொந்த முயற்சியில் அதற்குத் திருத்தம் எழுதிவிட்டார். டிசம்பரில் தயாரிப்பாளர்களே திரை அளவை மாற்றும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள்.

"உனக்குப் பொறுமை இல்லை"

நான் நிறுத்திவிட்டேன் என்றதும் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னது: "உனக்குப் பொறுமை இல்லைப்பா. முப்பது மணி நேரம் தாண்டினால்தான் சூடு பிடிக்கும்." இணையத்தில் தேடினாலும் இதே பதில்தான் வரும்.

இந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஒரு பொருள் சரியில்லை என்று சொன்னால், "குறை பொருளில் இல்லை, உன்னிடம்தான்" என்று திருப்பி விடுகிறார்கள். பல வருடம் விளையாடிய என்னைச் சொன்னால் நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? "நமக்குத்தான் இதெல்லாம் வராது போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்வார்.

என் அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். ஒரு வெப்சைட்டில் படிவம் ஒன்றை நிரப்பினார். கடைசிப் பக்கத்தில் ஏதோ பிழை என்று வந்து எல்லாம் அழிந்துபோனது. எதில் பிழை என்று அது சொல்லவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு, "எனக்கு வயசாயிடுச்சுடா, மூளை ஓடல" என்று எழுந்து போய்விட்டார். நான் பார்த்தேன். பிறந்த தேதியை எந்த முறையில் எழுத வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் சொல்லவில்லை. அப்பாவின் மூளை சரியாகத்தான் ஓடுகிறது. படிவத்தை எழுதியவருக்குத்தான் ஓடவில்லை. அதை அவருக்கு நம்ப வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஒரு சாஃப்ட்வேர் உங்களை முட்டாளாக உணர வைத்தால், பத்தில் ஒன்பது தடவை அது செய்தவர்களின் குறை. இதை அதை எழுதும் ஜாதியைச் சேர்ந்த நானே சொல்கிறேன், நம்புங்கள்.

"சில நல்ல நாவல்கள்கூட முதல் நூறு பக்கம் மெதுவாகத்தானே போகும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெதுவாகப் போவது குறையில்லை. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஏழாவது பாகத்திலும் முதல் சில மணி நேரம் ஒரே நகரத்துக்குள்தான் சுற்றுகிறோம். 2001-ல் வந்த பத்தாவது பாகத்திலும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் வழியில் ஊர்கள் இருந்தன, மனிதர்கள் இருந்தார்கள், ஊருக்கு ஊர் பேச ஒரு விஷயம் இருந்தது. மெதுவான நாவலிலும் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்று உங்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். "இருநூறாம் பக்கம் வரை சும்மா புரட்டுங்கள், அதன் பிறகுதான் எழுத்து" என்று எந்த எழுத்தாளரும் சொல்வதில்லை.

வேறு சிலருக்கு இந்த விளையாட்டு முதல் நிமிடத்திலிருந்தே பிடித்திருக்கிறது. படம் பார்ப்பது போல் கதையோடு போவதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. "பிடிக்காவிட்டாலும் 20 மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்" என்பவர்களோடுதான் சண்டை.

இரண்டு மணி நேரமும் இருபது மணி நேரமும்

இந்தப் பொறுமைக்கு ஒரு விலை இருக்கிறது. கணக்குப் பார்ப்போம்.

60 ஜி.பி. டவுன்லோட் செய்ய வேண்டும். தினம் ஒன்றரை ஜி.பி. தரும் மொபைல் இணைப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு இது 40 நாள் கணக்கு, அதுவும் வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தால்! 256 ஜி.பி. டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் கிட்டத்தட்ட கால்பங்கு இடம் போய்விடும். இத்தனை இடம் எதற்கு? பெரும்பகுதி நடுநடுவே வரும் படக்காட்சிகளுக்குத்தான். ஆங்கிலக் குரலுக்கு ஒன்று, ஜப்பானியக் குரலுக்கு ஒன்று என்று இரண்டு தொகுப்புகள் வேறு.

அடுத்தது நேரம். வேலைக்குப் போகும் ஒருவர் சனி, ஞாயிறுகளில் தலா இரண்டு மணி நேரம் விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மணி நேரம் என்றால் ஐந்து வாரம். வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர், அதில் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றால் இன்னும் நீளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2015 ஜூன் முதல் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். நல்ல வசதி. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொருள் பிடிக்கிறதா என்று பார்க்க இரண்டு மணி நேரம். இந்த விளையாட்டு தன் கதவைத் திறக்க இருபது மணி நேரம். "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், திருப்பித் தரும் நாள் எப்போதோ போயிருக்கும்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

புதிதாக விளையாட்டு வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

ஒன்று, விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். யாராவது பேச்சில்லாமல் விளையாடிப் பதிவு செய்த வீடியோ யூடியூபில் நிச்சயம் இருக்கும். அதில் நடுவிலிருந்து 15 நிமிடம் பாருங்கள். விளையாடுபவர் எத்தனை முறை ஒரு முடிவு எடுக்கிறார் என்று எண்ணுங்கள்.

இரண்டு, டெமோ இருந்தால் முதலில் அதை டவுன்லோட் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று, கேட்கும் இடத்தையும் உங்கள் நெட் அளவையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான்கு, பணம் கொடுப்பதற்கு முன் திருப்பித் தரும் விதியைப் படியுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் உட்கார்ந்து விளையாடிப் பாருங்கள். வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த மாதம் திறந்தால் 14 நாள் கெடு தாண்டியிருக்கும்.

ஐந்து, ஜப்பானிய ஆர்.பி.ஜி. எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் ‘குரோனோ டிரிகர்’ விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். 2018-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. முதலில் வந்தபோது திரை அமைப்பில் குறைகள் இருந்தன, பிறகு வந்த திருத்தங்களில் சரி செய்துவிட்டார்கள். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் போதும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் கேம் விளையாட வேண்டும் என்று இல்லை. ஆனால் எல்லோரும் ஏதோ ஒரு சாஃப்ட்வேரின் முன்னால் உட்கார்ந்து, "இது ஏன் எனக்குப் புரியவில்லை?" என்று ஒரு நாள் கேட்கத்தான் போகிறீர்கள். அப்போது சட்டென்று உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். "இதைச் செய்தவர் என்னை நினைத்துச் செய்தாரா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். அழித்துவிட்டால் 60 ஜி.பி. இடம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். ஐந்து வாரம் அப்படித் திரும்பி வராது.